பெட்டியை மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னக் கார் வைத்திருப்பவர்களும், கராஜே கதி என்று கிடக்கும் ஒரு மகனை வீட்டில் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்களிடம் கணிதம் படித்த பிள்ளை ஒருவர். பெயர் வேண்டாம். வாப்பாவுடைய ஆல்ட்டோ 800 காரை ஹயருக்கு ஓட்டுகிறார். லீசிங் இன்னும் முடியவில்லை. வீட்டுச் செலவு முழுக்க அந்தக் காரில்தான் ஓடுகிறது. போன வருடம் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாளொன்றில் பாடசாலை கேற்றடியில் காரை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார்.

“சேர், சத்தத்த ஒருக்கா கேட்டுப் பாருங்க.”

பொனட்டைத் திறந்தார். கம்பனி எயார் பில்டர் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் வெட்டிய வாகனச் சாமான் கடையில் வாங்கிய, 1300 சிசி கார் ஒன்றின் பெரிய பெட்டி. அதன் குழாய் இந்தக் காரின் பழைய இடத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் காற்று எடுக்கும் வாயைக் கீழே இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால் கட்டியிருந்தார். எஞ்சினை முறுக்கியபோது உறுமல் கேட்டது. பிள்ளையின் முகத்தில் பெருநாள் சந்தோசம்.

“இப்ப நல்லா மூச்செடுக்குது சேர். பெற்றோலும் கொறயும் எண்டு பாஸ் சொன்னாரு.”

நாங்கள் “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அந்த “மாஷா அல்லாஹ்”தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

மாரி வந்தது. ஓர் இரவு உம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார். வயல் நடுவால் போகும் வீதியில் சக்கரத்தின் பாதியளவு தண்ணீர். முன்னால் போன அதே ரகக் கார் ஒன்று மெதுவாகக் கடந்து போய்விட்டது. இவருடைய கார் நடுவில் நின்றது. பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். பிறகும் பண்ணினார். மூன்றாம் தரம் “டக்” என்று ஒரு சத்தம். அத்தோடு எஞ்சின் சுற்றவே இல்லை. உம்மாவை உழவு இயந்திரம் ஒன்றில் ஏற்றி அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர் சுகமாகிவிட்டார். எஞ்சினைக் கழற்றியபோது கனெக்டிங் ரொட் வளைந்திருந்தது. இரண்டு மாதம் ஹயர் இல்லை. லீசிங் தவணைக்கு உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது.

ஊரில் பேச்சு எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். “இதுக்குத்தான் சொல்றது, கம்பனி போட்டதுல கை வைக்கப்படாது எண்டு.” கடையடியிலும் இதே பேச்சு, கல்யாண வீட்டிலும் இதே பேச்சு.

இந்தப் பேச்சுடன் நாங்கள் உடன்படவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்ததையும், கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் வரிசையில் காய்ந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஐந்து வருடமும் எமது பழைய கார்கள் எப்படி ஓடின? எமது கராஜ் பாஸ்மாரின் கையால் ஓடின. ஒரு மாடலின் சாமானை இன்னொரு மாடலுக்கு இசைவாக்கி, பஞ்சிகாவத்தையில் தேடித் திரிந்து, கிடைத்ததைக் கொண்டு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். கம்பனிச் சாமான்தான் வேண்டும் என்று காத்திருந்தால் பாதிக் கார்கள் முற்றத்திலேயே துருப்பிடித்திருக்கும்.

ஆகவே வேறு மாடல் சாமான் போடுவதைக் குற்றம் என்று சொல்ல எமக்கு வாய் வராது. அளக்காமல் போடுவதுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் பிள்ளைக்கு இருக்கும் பங்கைவிட, படிப்பித்த எங்களுக்கு இருக்கும் பங்கு கூட.

காற்று விசயத்தை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 9000 லீற்றர் காற்று. அவ்வளவு காற்றும் அந்தப் பில்டர் பெட்டி வழியாகத்தான் போகிறது. அது ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பெட்டி பெரிதானால் எஞ்சின் கூடக் காற்றுக் குடிக்குமா? ஆல்ட்டோ 800 இன் எஞ்சின் 796 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் அதிகபட்சம் அந்த 796 சிசியைத்தான் உள்ளே எடுக்கலாம். 6000 சுற்றில் ஓடினாலும் நிமிடத்துக்குச் சுமார் 2400 லீற்றர். அதற்கு மேல் இழுக்க அதற்கு வயிறு இல்லை. ஒரு சுண்டுச் சோறு சாப்பிடுகிற பிள்ளைக்குப் பெரிய சஹன் வைத்துக் கொடுத்தால் பசி கூடிவிடாது.

இன்னொன்று. ஊருக்குள் ஓடும்போது காற்றை மறிப்பது பில்டர் அல்ல. அக்சிலேட்டரை மிதிக்கத் திறக்கும் அந்தத் தகடு இருக்கிறதே, கராஜில் திரொட்டில் என்பார்கள், அதுதான் மறிக்கிறது. நாம் கால்வாசி மிதித்தால் அது கொஞ்சம்தான் திறக்கும். வாசல் கதவைக் கால்வாசி திறந்து வைத்துக்கொண்டு தெருக் கேற்றைப் பெரிதாக்கி என்ன பயன்? முழுதாக மிதித்து, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மட்டும்தான் பெட்டியின் பெருமை கொஞ்சம் வெளியே தெரியும்.

“அப்படியென்றால் சத்தம் மாறியதே, கார் இழுக்கிற மாதிரி இருக்கிறதே” என்று கேட்பீர்கள். கம்பனிக் குழாயில் ஒட்டுப் பை போல ஒரு வெற்று அறை தொங்கும். வேலையில்லாத பொருள் என்று நினைத்துப் பலர் அதைக் கழற்றி எறிகிறார்கள். காற்று இழுபடும் சத்தத்தை அடக்குவதுதான் அதன் வேலை. அதைக் கழற்றினால் உறுமல் வெளியே வரும். சத்தம் கூடியதைப் பவர் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் போகும்போது மற்றவர்கள் கேட்பது சத்தத்தை மட்டும்தான்.

பெற்றோல் குறையும் என்ற கதைக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல் இதைச் சோதித்தது. இன்ஜெக்ஷன் கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பெற்றோல் செலவில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. வேகம் பிடிப்பதில்தான் குறைவு தெரிந்தது. காரணம் எளிது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெற்றோலைக் கணினிப் பெட்டி அளந்து விடுகிறது. பழைய கார்புரேட்டர் கார்களின் கதை வேறு, அவற்றில் அடைபட்ட பில்டர் பெற்றோலையும் தின்னும். இப்போது எம்மிடம் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இன்ஜெக்ஷன் கார்கள். அடைபட்ட பில்டரே பெற்றோலைக் கூட்டவில்லை என்றால், பெரிய பெட்டி எப்படிக் குறைக்கும்?

இனி, வேறு மாடலின் பெட்டியைப் போடும்போது எதை இழக்கிறோம் என்று பார்ப்போம். நாங்கள் கராஜ்களில் கேட்டும் பார்த்தும் சேர்த்தவை இவை.

1. வாயின் உயரம். பெரும்பாலான சின்னக் கார்களில் காற்று எடுக்கும் வாயை முன் லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டரின் மேல்பட்டை உயரத்தில் வைத்திருப்பார்கள். கார் வெள்ளத்தில் போனாலும் தண்ணீர் ஏறக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் மேலே வரும் பிஸ்டன் பாறையில் மோதியது போல நிற்கும், ரொட் வளையும். எங்கள் பிள்ளையின் காருக்கு நடந்தது இதுதான். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வீதியே வாய்க்காலாகும் ஊரில் காற்று வாயைப் பம்பர் உயரத்துக்கு இறக்குவது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

2. சூடு. சிலர் பெட்டியே இல்லாமல், எஞ்சினுக்குப் பக்கத்தில் கூம்பு மாதிரி ஒரு பில்டரை மாட்டுகிறார்கள். வெளியே 30 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 9 வீதம் குறைகிறது. பவர் கூட்டப் போய்ப் பவரை இழக்கிறோம்.

3. சென்சர். சில கார்கள் உள்ளே வரும் காற்றை, குழாயில் இருக்கும் ஒரு சென்சரால் நேரடியாக அளக்கின்றன. சில கார்கள் திரொட்டிலுக்குப் பிறகு இருக்கும் அமுக்கத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. முதல் ரகக் காரில் சென்சர் இருக்கும் குழாயின் விட்டத்தை 50 மில்லிமீற்றரில் இருந்து 60 ஆக்கினால், குறுக்குப் பரப்பு 1.44 மடங்காகும். சென்சருக்கு அது தெரியாது. உள்ளதைவிடக் குறைந்த காற்று வருகிறது என்று நினைத்துப் பெற்றோலைக் குறைத்துவிடும். எஞ்சின் சூடாகும், தட்டும், லைட் எரியும். உங்கள் கார் எந்த ரகம் என்று தெரியாமல் குழாயை மாற்றவே வேண்டாம்.

4. பிறீதர் குழாய். எஞ்சினின் எண்ணெய் ஆவி போகும் சின்னக் குழாய், பில்டர் கடந்த சுத்தமான காற்றுப் பக்கத்தில் வந்து சேரும். வேறு மாடல் குழாயில் அந்தத் துளை இல்லாவிட்டால் சிலர் அதை அப்படியே திறந்து விடுகிறார்கள். தூசி நேரே எஞ்சினுக்குள் போக அது ஒரு கள்ளப் பாதை.

5. விளிம்பு. பில்டர் பெட்டியில் இறுக்கமாக உட்கார வேண்டும். வெள்ளாமை வெட்டுக் காலத்துத் தூசியும் கச்சான் காற்றில் வரும் மணலும் ஒரு நூல் இடைவெளி கிடைத்தால் போதும், உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்ஸைத் தேய்த்துவிடும். அது இன்று தெரியாது. புகை கக்கத் தொடங்கும்போது தெரியும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் தெரியும்.

அப்படியானால் வேறு மாடல் பெட்டி போடவே கூடாதா? போடலாம். கிளிப் உடைந்து, விளிம்பு வெடித்து, சொந்தப் பெட்டி கிடைக்காதபோது போடத்தான் வேண்டும். அதே எஞ்சின் உள்ள இன்னொரு மாடலில் இருந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பெரிய பில்டருக்கு ஓர் உண்மையான நன்மையும் இருக்கிறது, பரப்புக் கூடுவதால் அடைபட நாளெடுக்கும். தூசி வீதியில் ஓடும் வாகனத்துக்கு அது பெறுமதியானது. ஆனால் வாய் மேலே இருக்க வேண்டும், விளிம்பு இறுக வேண்டும், பிறீதர் சேர வேண்டும், சென்சர் குழாயின் விட்டம் மாறக்கூடாது. கழற்றிய சாமானை எறியாமல் வீட்டில் வைக்க வேண்டும்.

இனி எங்கள் பங்குக் குற்றத்துக்கு வருகிறோம்.

அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை. வட்டத்தின் பரப்பளவுக் கணக்கை எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதினோம். அவர் கடைசி வாங்கில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். “கவனம் இல்லாத பிள்ளை” என்று றிப்போட்டில் எழுதினோம். அதே பிள்ளைதான் வேறு காரின் பெட்டியைக் கொண்டுவந்து, தாங்கி வெட்டி, குழாய் வளைத்து, இந்தக் காரில் இருத்தியிருக்கிறார். அந்தக் கைக்கு இருக்கும் அறிவு எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? 50 ஐ 60 ஆக்கினால் என்ன நடக்கும் என்பதை ஒரு காரின் குழாயைக் காட்டி ஒரு நாளாவது கேட்டிருந்தால், அவர் ஜன்னலைப் பார்த்திருக்க மாட்டார். கேற்றடியில் அவர் பொனட்டைத் திறந்து காட்டியது புகழுக்காக மட்டும் இல்லை. சேர் பார்த்து ஏதாவது சொல்லட்டும் என்றுதான். நாங்கள் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சின் திரும்பக் கட்டியபிறகு அவர் வந்தபோது ஒரு காரியம் செய்தோம். கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் வாங்கினோம். ஒரு பலகையில் U வடிவில் கட்டி, நிறம் கலந்த தண்ணீரைப் பாதிக்கு ஊற்றினோம். ஒரு முனை திறந்தபடி. மறு முனையைப் பில்டருக்கும் திரொட்டிலுக்கும் நடுவில், பிறீதர் வந்து சேரும் துளையில் மாட்டினோம். பிறீதரின் வாயைச் சோதனை முடியும் வரை அடைத்து வைத்தோம். எஞ்சின் இழுக்கும்போது ஒரு பக்கத் தண்ணீர் ஏறும், மறு பக்கம் இறங்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் பில்டர் பெட்டி காற்றை மறிக்கும் அளவு. பலகை ஒரு மீற்றராவது உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் நிறத் தண்ணீரையும் குடித்துவிடும்.

வளிமண்டல அமுக்கம் சுமார் 10 மீற்றர் தண்ணீருக்குச் சமன். ஆகவே 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் ஒரு வீதம். அந்தத் தடையை முழுதாக நீக்கினாலும் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வீதப் பவர். ஆல்ட்டோ 800 க்குச் சுமார் 47 குதிரைவலு. ஒரு வீதம் என்றால் அரைக் குதிரை.

பழைய பெட்டியையும் பெரிய பெட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஊர் ஓட்டத்தில் இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சேர், இத அப்பவே காட்டியிருந்தா நான் கணக்குப் பாடத்துக்கு ஒழுங்கா வந்திரிப்பன்.”

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே ஊருக்கு நான்கு வேண்டுகோள்கள்.

பெற்றோரே, மகன் காரில் கை வைத்தால் முதலில் ஏசாதீர்கள். “ஏன் மகன் மாத்தினீங்க? அந்தச் சாமான் அங்க என்ன வேல செஞ்சிச்சு?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். கார் லீசிங்கில் இருந்தால், காப்புறுதிக்காரருக்கு அறிவிக்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள்.

கராஜ் பாஸ்மாரே, உங்கள் கைதான் இந்த ஊரின் வாகனங்களைக் காப்பாற்றியது. அதே கையால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். “இது சத்தத்துக்கு, பவருக்கு இல்ல” என்று சொன்னால் ஒரு வாடிக்கையாளர் போகலாம். ஊரின் நம்பிக்கை உங்களிடம் நிற்கும்.

ஆசிரியர்களே, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இலேயே வந்துவிட்டது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமும் இருக்கிறது. ஆனால் சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையை இன்னும் நாம் தோற்ற பிள்ளையாகவே பார்க்கிறோம். அடுத்த விடுமுறையில் ஒரு நாள் காலை, பாடசாலை முற்றத்தில் ஒரு கார், ஒரு பாஸ், ஒரு தண்ணீர்ப் பலகை வைத்துப் பிள்ளைகளைக் கூட்ட விரும்புகிறோம். பலகை எங்களிடம் தயார். விருப்பமுள்ள பாஸ்மார் கீழே கொமெண்டில் சொல்லுங்கள்.

எல்லோரும், மாரி வருவதற்கு முன் உங்கள் காரின் காற்று வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருக்கால் குனிந்து பாருங்கள். வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தள்ளிக் கரையேற்றி, பிளக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்திருந்தாலே அந்தப் பிள்ளையின் எஞ்சின் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

உம்மாவின் காப்பு இன்னும் மீளவில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த அறுவடையோடு மீட்டுவிடுவதாகச் சொன்னார். பெரிய பெட்டி இப்போதும் அவருடைய காரில்தான் இருக்கிறது. கழற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வாயை மட்டும் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டார். ஏற்றும்போது அடிமட்டத்தால் அளந்து ஏற்றினார்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.